எவ்வளவு கேட்டால் போதும்?

ஹம்பேர்க்கின் வான்ட்ஸ்பெக் பகுதியில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் படித்து முடித்து வேறு நகரங்களுக்குப் போனதும், வெறுமையான அறையொன்றைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கிவிட்டார். தடித்த கம்பளம், கனத்த திரைச்சீலை, ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு. அவற்றுக்கு நேரெதிரே அளந்து வைத்த ஒரே ஒரு கதிரை.

போன மாரிகாலத்தில் என்னை அந்தக் கதிரையில் இருத்தி ஒரு நாதஸ்வரப் பதிவைப் போட்டார். தான் சுவரோரம் நின்றுகொண்டார்.

"எப்பிடி இருக்கு, சொல்லும்?"

"நல்லா இருக்கு அண்ணை."

"நல்லா இருக்கிறது தெரியும். உண்மையா இருக்கோ? ஆள் முன்னுக்கு நிண்டு வாசிக்கிற மாதிரி இருக்கோ?"

நான் பதில் சொல்வதற்கு முன் தவில் தனி தொடங்கியது. அவர் விரைந்து போய் ஒலியைக் குறைத்தார். கீழ்வீட்டில் வயதான ஜெர்மன் அம்மையார் ஒருவர் இருக்கிறார். ஏற்கெனவே ஒருமுறை கதவைத் தட்டியிருக்கிறார். இரவு பத்து மணிக்குப் பிறகு இந்த நாட்டில் சத்தம் போடக் கூடாது. அப்போது பத்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

வீடு திரும்பும்போது ரயிலில் அந்தக் கேள்வியையே யோசித்துக்கொண்டு வந்தேன். நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதிக்காகப் பிறந்த வாத்தியங்கள். தேருக்கு முன்னால், வானத்துக்குக் கீழே, ஆயிரம் பேர் நடுவே வாசிக்கப்படுபவை. அவற்றை உள்ளபடியே ஒரு ஹம்பேர்க் மாடிவீட்டின் சிறிய அறைக்குள் கொண்டுவந்தால் அது இசையாக இருக்காது, தண்டனையாகத்தான் இருக்கும். அண்ணையின் கருவிக்கு அந்த வலு உண்டு. ஆனால் அவர் அதை ஒருநாளும் முழுதாகத் திறந்ததில்லை. உண்மை போலக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். உண்மையிலேயே கேட்டால் தாங்காது என்பதும் அவருக்குத் தெரியும். அப்படியானால் அவர் தேடுவது எதை?

வாடிக்கையாளர்களுக்குக் கணினி அமைப்புகளைத் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். "வேகமாக இருக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "யாருக்கு? எதற்கு?" என்பதைத்தான். ஒலியின் தரத்தைப் பற்றியும் அதையே கேட்க வேண்டும் என்று பட்டது.

ஒலிப்பதிவு உண்மைக்கு எவ்வளவு கிட்ட வந்திருக்கிறது என்ற போட்டி மிகப் பழையது. எடிசனின் நிறுவனம் 1915 முதல் பல வருடங்கள் அமெரிக்க நகரங்களில் ஒரு காட்சியை நடத்தியது. மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் இசைத்தட்டுக் கருவி. பாடகியும் தட்டும் மாறி மாறிப் பாடுவார்கள். சில இடங்களில் விளக்கையும் அணைத்துவிடுவார்கள். விளக்கு வந்து பார்த்தால் பாடகியைக் காணவில்லை. இவ்வளவு நேரமும் பாடியது தட்டு. சபை திகைத்துப் போகும். நம்முடைய காதுக்கு அந்தத் தட்டுகள் தகரப் பேணிக்குள் இருந்து பாடுவது போலத்தான் கேட்கும். அன்று அது எப்படி உண்மையாகக் கேட்டது? அந்த மேடைகளில் பாடிய அன்னா கேஸ் என்ற பாடகி பின்னாளில் ரகசியத்தைச் சொன்னார்: தட்டின் அளவுக்குத் தன் குரலைத் தணித்துப் பாடினாராம். தட்டு மனிதரைப் போலப் பாடவில்லை, மனிதர்தான் தட்டைப் போலப் பாடியிருக்கிறார்.

ஜெர்மனியர் இதை வேறு வழியில் அணுகினார்கள். 1966இல் டி.ஐ.என். 45500 என்ற தரநிர்ணயத்தைக் கொண்டுவந்தார்கள். வீட்டு ஒலிக்கருவி ஒன்றை 'ஹை-ஃபை' என்று அழைப்பதற்கு அது குறைந்தபட்சம் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை எண்களில் எழுதிய ஆவணம் அது. நாடா ஓடும் வேகம் எவ்வளவு தளம்பலாம் என்பதற்கும் ஓர் எண் உண்டு: 0.2 சதவீதம். அதற்கு மேல் போனால் நீண்ட சுரங்கள் நடுங்கத் தொடங்கும்.

அந்த எண்ணை முதன்முதல் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பாட்டுக் கேட்டு வளர்ந்தது அண்ணாவின் காலில்.

இந்த இதழின் மூத்த வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பிறகு ஆண்டுக்கணக்கில் வரவேயில்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கும். றேடியோவுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சில்லில் டைனமோவைப் பொருத்தி, பெடலைக் கையால் சுற்றுவார்கள். அல்லது ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஒருவர் ஏறி இருந்து மிதிப்பார். விளக்குக்கென்று செய்யப்பட்ட அந்தச் சின்ன டைனமோ 6 வோல்ற், 3 வாற். அதிலிருந்து நாலு டயோட்டு, ஒரு கப்பாசிற்றர் வழியாக றேடியோவுக்கோ கசெற் பிளேயருக்கோ வயர் போகும். இரவில் ஒழுங்கை முழுக்கச் சில்லுகள் இரையும். பெரியவர்கள் பி.பி.சி. தமிழோசைக்கும் வெரித்தாஸுக்கும் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் மிதிப்பது அண்ணா. செய்தி முடிந்ததும் கெஞ்சிக் கேட்டால் ஒரு பாட்டுப் போடுவார். முதல் சரணம் வரைக்கும் பாட்டு நேராகப் போகும். இரண்டாவது சரணத்தில் அவருக்குக் களைக்கும், பாடகருக்கும் களைக்கும். சுருதி மெல்ல இறங்கி, பெண்குரல் ஆண்குரலாகி, "அண்ணா!" என்று நாங்கள் கத்தினால் திரும்ப மேலேறும். 0.2 சதவீதமாவது ஒன்றாவது. ஆனாலும் இன்று எந்த ஸ்பீக்கரிலும் எனக்குக் கிடைக்காத ஆனந்தம் அதில் இருந்தது.

இந்த இடத்தில் நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதிலிருந்து 'தரம் குறைந்த ஒலிதான் உயிருள்ள ஒலி' என்ற முடிவுக்கு நான் வரவில்லை. புலம்பெயர்ந்த நம்மிடையே அப்படிப் பேசுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. குப்பி விளக்கின் அழகு, டைனமோப் பாட்டின் இனிமை என்று உருகுகிறோம். பொருளாதாரத் தடை ஓர் இரசனை முறை அல்ல. அன்று யாராவது இரண்டு பற்றரியைக் கொண்டுவந்து தந்திருந்தால் அண்ணா சைக்கிளிலிருந்து குதித்து இறங்கியிருப்பார். நாங்களும் கைகொட்டியிருப்போம்.

பிறகு ஏன் அது போதுமாக இருந்தது? என் பதில் இதுதான்: பாட்டில் பாதி எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. தடைக்கு முந்திய காலத்தில், இலங்கை வானொலியிலும் கலியாணவீட்டு லவுட்ஸ்பீக்கரிலும் நூறு தடவை கேட்ட பாடல்கள் அவை. டைனமோ தந்தது ஒரு கோடு மட்டும். நிறத்தை நாங்கள் போட்டுக்கொண்டோம்.

காது இதை எப்போதும் செய்கிறது. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே கடத்தியது. மனிதக் குரலின் அடிப்படைச் சுரம் ஆண்களுக்கு நூற்றுச் சொச்சம் ஹேர்ட்ஸ், பெண்களுக்கு இருநூறு அளவில். அதாவது அம்மாவின் குரலின் அடித்தளமே அந்தக் கம்பியில் வரவில்லை. மேலே உள்ள கிளைச்சுரங்களைக் கொண்டு அடித்தளத்தை நம் மூளை தானே கட்டிக்கொள்கிறது. 'ஹலோ' என்ற ஒரு சொல்லில் அம்மாவுக்குத் தடிமன் என்று கண்டுபிடித்தோமே, அது தொலைபேசியின் திறமை அல்ல.

ஆனால் கட்டுவதற்குச் செங்கல் உள்ளே இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் காலமானார். நான் அப்போது பிறக்கவேயில்லை. அவர் வாசித்த சில பழைய நாடாக்களைக் கேட்டிருக்கிறேன். என் காதுக்கு அவை வேகமும் இரைச்சலும் கலந்த ஒரு மூட்டம்தான். அதே நாடாவை அவரை நேரில் கேட்ட ஒரு முதியவர் கேட்டபோது பக்கத்தில் இருந்தேன். அவர் கண்ணை மூடி, விரலால் தொடையில் தட்டி, நான் எதையும் கேட்காத இடத்தில் "ஆகா!" என்றார். எங்கள் இருவருக்கும் ஒரே கருவி, ஒரே நாடா. அவருக்கு அது போதும், எனக்குப் போதாது. அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்து, அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகுதான் அந்த மூட்டத்துக்குள் சில உருவங்கள் எனக்கும் தெரியத் தொடங்கின.

ஹம்பேர்க்கிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சென்ற் பவுலியில் இருந்த ஸ்டார் கிளப்பில் 1962 டிசம்பரில் பீட்டில்ஸ் வாசித்ததை, ஒரு வீட்டுப் பதிவுக் கருவியில் ஒற்றை மைக்கை வைத்துப் பதிந்திருக்கிறார்கள். 1977இல் அது இசைத்தட்டாக வந்தது. பாட்டைவிடக் கூச்சல் அதிகம். என் அலுவலகத்தில் ஒருவர் அதைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார். என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் எழும்பிப் போய்விட்டாள்.

ஆக, வீட்டில் கேட்கும் ஒலி எவ்வளவு உண்மையாக இருந்தால் இன்பம் தரும் என்பதற்கு ஒரே எண் கிடையாது. நினைவு உள்ளவருக்குக் கொஞ்சம் போதும், இல்லாதவருக்கு நிறைய வேண்டும். இதை நான் ஒரு சுவையான கண்டுபிடிப்பாக மட்டும் வைத்திருந்திருப்பேன், மாமாவின் கசெற் என் கைக்கு வராமல் இருந்திருந்தால்.

மாமா 1985இல் ஜெர்மனிக்கு வந்தவர். அம்மம்மாவின் ஒரே மகன். 1994இல் அம்மம்மா அவருக்கு ஒரு கசெற்றில் கதைத்து அனுப்பினார். அப்போது அது வழக்கம். எழுத்து வராதவர்களும், எழுதி ஆறாதவர்களும் கசெற்றில் கதைத்து, கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். மாமா காலமான பிறகு அவருடைய அலுமாரியில் அது கிடைத்தது. அறுபது நிமிடக் கசெற்.

பதிவு நடந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. விறாந்தையில் அம்மம்மா, முன்னால் கசெற் றெக்கோடர், முற்றத்தில் ஸ்டாண்டில் ஏற்றிய சைக்கிளில் அண்ணா. நடுவில் கொஞ்ச நேரம் நான் மாறி மிதித்தேன். எனக்குக் கால் தாங்கவில்லை. திரும்பவும் அண்ணாவே ஏறினார்.

பதியும்போது நாடா மெதுவாக ஓடினால், பிறகு சரியான வேகத்தில் போடும்போது குரல் உயர்ந்து கேட்கும். ஆகவே அண்ணாவுக்குக் களைக்கும் ஒவ்வொரு முறையும் அம்மம்மா சிறுமியாகிறார். அவர் ஊன்றி மிதிக்கும்போது மறுபடி கிழவியாகிறார். இதன் மேல் டைனமோவின் இரைச்சல், நாய், தூரத்தில் ஹெலிகொப்ரர்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பக்கத்தில் இருந்து கேட்ட மகளுக்கு, பதினான்கு வயது, தமிழாலயத்தில் நன்றாகப் படிக்கிறவள், ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு அப்பா," என்றாள். கொஞ்ச நேரம் மரியாதைக்காக இருந்தாள். பிறகு கைத்தொலைபேசியை எடுத்தாள்.

அவள்மேல் கோபித்து என்ன பயன்? நான் என் தொழிலுக்குரிய வேலையைச் செய்தேன். கசெற்றைக் கணினிக்கு மாற்றி, வேகத்தைச் சீராக்கி, செயற்கை நுண்ணறிவு கொண்டு இரைச்சலை நீக்கும் மென்பொருளில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அம்மம்மா எங்கள் சமையலறையில் இருந்து கதைத்தார்.

மகளைக் கூப்பிட்டேன். குளிர் என்று சொல்லிக் குளிக்காமல் இருக்காதே என்று அம்மம்மா மாமாவை ஏசும் இடம் வந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "திரும்பப் போடுங்கோ" என்றாள். தான் காணாத பூட்டியின் பகிடிக்கு ஹம்பேர்க்கில் பிறந்த பிள்ளை சிரித்தது. அந்த மென்பொருளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னும் கொஞ்சத்தில் அவள் கேட்டாள்: "யாழ்ப்பாணத்தில மலை இருக்கோ அப்பா?"

யாழ்ப்பாணத்தில் மலை ஏது? திருப்பிப் போட்டுக் கேட்டேன். 'மலை வந்தால் முற்றத்தில் வெள்ளம் நிக்கும்' என்றார் அம்மம்மா. மூலத்தில் அது மழை. இத்தகைய மென்பொருள் சத்தத்தை வெறுமனே அரித்தெடுப்பதில்லை. தான் பழகிய எண்ணற்ற குரல்களிலிருந்து, இந்த இடத்தில் எது இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. நம்முடைய ழகரத்தை அது அதிகம் கேட்டிருக்க நியாயமில்லை. என் காது செய்வதைத்தான் அதுவும் செய்தது. வித்தியாசம் ஒன்றே: என் ஊகத்துக்கு அம்மம்மாவைத் தெரியும்.

ஆனால் என்னை உறங்கவிடாதது அந்த மலை அல்ல. அண்ணா 1996இல் யாழ்ப்பாணத்தில் காணாமற்போனவர்களில் ஒருவர். அவருடைய குரல் எந்தப் பதிவிலும் இல்லை. இந்தக் கசெற்றிலும் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அவருடைய கால்கள்தான் இருந்தன, ஒரு பாட்டி சிறுமியாகி மீளும் அந்தத் தளம்பலில். வேகத்தைச் சீராக்கியபோது நான் அவரைத் துடைத்துவிட்டேன். பிழை என்று மென்பொருள் காட்டிய வளைகோட்டை என் கையாலேயே நேராக்கினேன்.

அப்படியானால் எது உண்மையான ஒலி? மூலம்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அன்றைய விறாந்தையில் அம்மம்மாவின் குரல் ஒருபோதும் தளம்பவில்லை. அவர் நேராகத்தான் கதைத்தார். சீராக்கிய பதிவு அம்மம்மாவுக்கு உண்மையானது. மூலம் அந்த இரவுக்கு உண்மையானது. ஒன்றுக்கு விசுவாசமாக இருக்கும்போது மற்றதைக் கைவிடுகிறோம். 'உள்ளபடி' என்ற சொல்லுக்குள் எப்போதும் 'எதன்படி' என்ற கேள்வி மறைந்திருக்கிறது. வான்ட்ஸ்பெக் அறையில் அண்ணை என்னைக் கேட்டபோது எனக்குப் பதில் வராததற்கும் அதுதான் காரணம்.

நினைவு உள்ளவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். நமக்குக் கீறல் விழுந்த ஒலி போதும் என்பது நம் செல்வம். அதை ஒரு தகுதியாக மாற்றி, 'இதைக் கேட்டு உருகாதவர்கள் வேரற்றவர்கள்' என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது அநியாயம். அவர்களுக்கு நிறையக் கொடுக்க வேண்டும்: தெளிவான ஒலி, விளக்கம், பொறுமை. அதே நேரம், தெளிவுக்காக ஊகத்தால் நிரப்பியதை 'இதுதான் உன் பூட்டி' என்று கொடுப்பதும் பொய். எதை மாற்றினோம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை தெளிவாகக் கேட்ட வாக்கியத்தைப் பிறகு மிகச் சிதைந்த வடிவில் கேட்டாலும் காது பிடித்துக்கொள்ளும். இது பேச்சொலி ஆய்வாளர்கள் நன்கறிந்த விஷயம். முதலில் வெறும் விசில் போலக் கேட்டது, பொருள் தெரிந்த கணத்திலிருந்து பேச்சாகவே கேட்கும். பிறகு அதைத் திரும்ப விசிலாக்க முடியாது. அப்படியானால் சுத்தம் செய்த பதிவு ஓர் ஏணி. அதில் ஏறி மூலத்துக்குப் போகலாம்.

அடுத்த சனிக்கிழமை மகளை இருத்தி, முதலில் தெளிந்ததைப் போட்டேன். 'மலை' வந்த இடத்தில் நிறுத்தி மழை என்றேன். பிறகு மூலத்தைப் போட்டேன். இந்த முறை அவள் கைத்தொலைபேசியை எடுக்கவில்லை. குளிக்கச் சொல்லும் இடத்தில் தண்ணீருக்குள் இருந்தே அவளுக்கு விளங்கியது. சிரித்தாள். குரல் உயரத் தொடங்கிய இடத்தில் நான் சொன்னேன்: "இதில பெரியப்பாவுக்குக் களைக்குது."

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் திரும்பத் தணிந்தபோது, "இப்ப உழக்கிறார்" என்றாள், நான் சொல்லாமலே. பிறகு கேட்டாள்:

"எவ்வளவு நேரம் மிதிச்சவர்?"

"ஒரு பக்கம் அரை மணித்தியாலம்."

"ஒரு பக்கம் மட்டுமோ?"

"ரெண்டு பக்கமும்."

என் கணினியில் இப்போது மூன்று கோப்புகள் இருக்கின்றன: கசெற்றில் உள்ளபடி ஒன்று, வேகத்தை மட்டும் சீராக்கியது ஒன்று, இரைச்சலையும் நீக்கியது ஒன்று. ஒவ்வொன்றின் பெயரிலும் என்ன செய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். வான்ட்ஸ்பெக் அண்ணையிடம் முதலாவதைக் கொண்டுபோய் அவருடைய பெரிய ஸ்பீக்கர்களில் போட்டுக் கேட்கலாம் என்று இருக்கிறேன். மகளும் வருவதாகச் சொல்கிறாள். இன்னும் இரண்டு கதிரை போடச் சொல்ல வேண்டும்.